உரச்செலவைக் குறைக்க: கொல்லிமலைக் குண்டூர் நாட்டுக் காட்டுக்கும் வீட்டுக்கும் சில குறிப்புகள்

மலையை விட்டு இறங்கும் ஒவ்வொரு மூட்டையோடும் நம் மண்ணின் சத்தும் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. அதைத் திருப்பிக் கொடுக்க உரக்கடைக்குத்தான் ஓட வேண்டும் என்றில்லை. வீட்டைச் சுற்றியே நிறையக் கிடக்கிறது.

1. சாமைக்கு நடுவே அவரை, மொச்சை, துவரை போட்டுவிடுங்கள். இவற்றின் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். அறுவடையில் செடியைப் பிடுங்காமல் தரையை ஒட்டி அறுங்கள், வேர் அங்கேயே மக்கட்டும்.

2. பூக்கும் சமயத்தில் ஒரு அவரைச் செடியைத் தோண்டி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நன்றாக வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், அடுத்த முறை ரைசோபியம் (அந்த வேர் முடிச்சு பாக்டீரியா) பொட்டலத்தை ஆறிய கஞ்சியில் குழைத்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதையுங்கள்.

3. மரவள்ளி கையில் காசு தரும் பயிர்தான். ஆனால் ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கிழங்கு, சாம்பல்சத்தை அள்ளிக்கொண்டு போகிறது. அதனால் இலையையும், விதைக்குச்சி போக மீதித் தண்டையும் நறுக்கிக் காட்டிலேயே போடுங்கள். வருடா வருடம் ஒரே காட்டில் நடாமல், இடையில் சாமையோ கேழ்வரகோ போடுங்கள். மரவள்ளி பெருகப் பெருகக் கொல்லிமலையில் சாமைக் காடு சுருங்கிவிட்டது. 1990-களிலிருந்தே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானியங்களைக் காக்கப் பாடுபட்டிருக்கிறது. நம் வீட்டு விதைக்கூடையில் ஒரு படி சாமை எப்போதும் இருக்கட்டும்.

4. அடுப்புச் சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. மழை படாமல் மூடிவைத்து, வாழைக்கும் மரவள்ளிக்கும் தூவுங்கள். பச்சைச் சாணத்தோடோ யூரியாவோடோ மட்டும் கலக்காதீர்கள், தழைச்சத்து ஆவியாகப் பறந்துவிடும்.

5. காபிப் பழத்தோலும் குலை வெட்டிய வாழைத்தண்டும் எருக்குழிக்கு அருமையான சரக்கு. தோலை ஓடை ஓரத்தில் கொட்டினால் அழுகி, தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவைக் குறைத்துவிடும்; மீனும் தவளையும் தவிக்கும்.

6. சில்வர் ஓக் சருகு சீக்கிரம் மக்காது. கிளைரிசிடியா, அகத்தி மாதிரி பச்சைத்தழையோடு அடுக்கடுக்காகப் போட்டு, சாணிக் கரைசல் தெளியுங்கள். சருகைக் கொளுத்தினால் தழைச்சத்து புகையோடு போய்விடும். அதற்குப் பதில் மிளகுக் கொடியின் அடியில் பரப்பினால் ஈரமும் நிற்கும்.

7. எருக்குழி பலாமர நிழலில் இருக்கட்டும். வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கும் எருவில் சத்து கரைந்தும் பறந்தும் போய், சக்கைதான் மிஞ்சும். மாட்டு மூத்திரம் ஊறிய வைக்கோலையும் சேர்த்து, மேலே ஒரு கூடை மண் போட்டு மூடுங்கள்.

8. சரிவுக் காட்டைக் குறுக்கே உழுங்கள். கல்வரப்பு சரிந்திருந்தால் மழைக்கு முன்பே அடுக்கிவிடுங்கள், கரைந்து போவது மேல்மண் என்பதால் சத்தில் பெரும்பங்கும் அதோடு போகும். வரப்பில் வெட்டிவேரோ தீவனப்புல்லோ நட்டால் மண்ணும் நிற்கும், மாட்டுக்கும் ஆகும்.

9. யூரியா போடுகிறவர்கள், வானம் கருத்துக் கொட்டப்போகிற நாளில் போடாதீர்கள். காசு ஓடையில் கரையும். கீழே குட்டையில் பாசி மண்டும். கொஞ்சங் கொஞ்சமாகப் பிரித்து, ஈர மண்ணில் வேரருகே போட்டு மூடிவிட்டால் பாதி மூட்டை மிச்சமானாலும் ஆச்சரியமில்லை.