முதல் கோணல் முற்றும் கோணல்: கணினி வரைபடத்தில் கட்டமும் பிடிப்பும்

தமிழ்ப்பள்ளியில் கட்டுரைக்காக மனப்பாடம் செய்த பழமொழிகளுள் ஒன்று ‘முதல் கோணல் முற்றும் கோணல்’. இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் அதை மறந்தே போனேன். கட்டடக்கலை மாணவனாக இரண்டாம் ஆண்டில் காலடி வைத்தபோதுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது.

அந்தப் பருவத்தில் பழைய கடைவீடு ஒன்றை அளந்து வரையும் பணி எங்கள் குழுவுக்குக் கிடைத்தது. கீழ்மாடியை நான் வரைந்தேன். மேல்மாடியைத் தோழி வரைந்தாள். ஒப்படைப்பதற்கு முதல் நாள் இரவு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். முன்சுவர் பொருந்தியது. பின்சுவர் பொருந்தவில்லை. என் கீழ்மாடி 180 மில்லிமீட்டர் குட்டையாக இருந்தது! இன்று நம் வீடுகளில் கட்டும் 150 மில்லிமீட்டர் சுவர் ஒன்று அந்த இடைவெளிக்குள் ஒளிந்துகொள்ளும்.

எங்கே தவறினேன்? ஆட்டோகேட் மென்பொருளில் கட்டம், பிடிப்பு என்னும் இரண்டையும் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பயன்படுத்தியதுதான் காரணம். நான் பட்ட பாடு என் இளையோருக்கு வேண்டாம் என்பதற்காகவே இக்கட்டுரை.

கட்டம் என்பது பார்வைக்கு மட்டுமே

எஃப்7 விசையைத் தட்டினால் திரையில் கட்டங்கள் தோன்றும். தொடக்கப்பள்ளிக் கணக்குப் புத்தகத்தின் கட்டங்களைப் போன்றவை இவை. அளவை மனத்தில் கொள்ள உதவும், அச்சில் வரா. முக்கியமாக, இவை கோட்டைப் பிடித்து நிறுத்துவதில்லை. கோட்டை நிறுத்துவது எஃப்9 விசையில் உள்ள ஸ்னாப். அதை இயக்கினால் கர்சர் நாம் குறித்த இடைவெளிப்படி மட்டுமே தாவித் தாவி நகரும்.

இவ்விரண்டின் இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டிராஃப்டிங் செட்டிங்ஸ் பெட்டியில் தனித்தனியே அமைக்கலாம். மில்லிமீட்டரில் வீட்டை வரைபவர் கட்டத்தை 1,000 என்றும் ஸ்னாப்பை 100 என்றும் வைப்பது வசதி. மலேசியத் தரநிலை எம்.எஸ். 1064 கூட 100 மில்லிமீட்டரையே அடிப்படை அலகாகக் கொள்கிறது. ஆனால், 100இல் 150 மில்லிமீட்டர் சுவர் அகப்படாது. அப்போது ஸ்னாப்பை 50ஆகக் குறைக்க வேண்டும். எதை வரையப் போகிறோம் என்று தெரிந்த பிறகே இடைவெளியை முடிவு செய்ய வேண்டும்.

ஒரு தாவலில் சட்டமே மாறும்

நம் நாட்டின் 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைச்சட்டங்கள், வீட்டின் முதல் வாழிட அறைக்குக் குறைந்தது 11 சதுர மீட்டர் பரப்பளவைக் கேட்கின்றன. 3,300க்கு 3,400 மில்லிமீட்டர் அறை 11.22 சதுர மீட்டர், தேறிவிடும். கர்சர் ஒரே ஒரு தாவல் பின்வாங்கி 3,300க்கு 3,300 ஆகிவிட்டால் 10.89தான். கண்ணுக்கு இரண்டு அறைகளும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால், ஒன்று சட்டத்துக்கு உட்பட்டது, மற்றொன்று உட்படாதது.

வரைந்ததைப் பிடிக்கும் பிடிப்பு

எஃப்3 விசையில் ஒப்ஜெக்ட் ஸ்னாப் உள்ளது. இது வெற்றிடத்தைப் பிடிப்பதில்லை. ஏற்கெனவே வரைந்த கோட்டின் முனை, நடுப்புள்ளி, வெட்டும் இடம், வட்டத்தின் மையம் ஆகியவற்றைப் பிடிக்கும். இந்த எண்ணம் புதியதன்று. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் நிரலிலேயே, ஒளிப்பேனா அருகில் வந்தால் கோட்டையும் புள்ளியையும் பற்றிக்கொள்ளும் வசதி இருந்தது.

பொங்கலன்று அம்மா புள்ளி வைத்துவிட்டால் கோலம் ஆகிவிடாது. இழை சேர வேண்டிய இடத்தில் சேர வேண்டும். திரையில் சுவரின் இரு கோடுகள் தொட்டுக்கொள்வதுபோல் தோன்றும். பெரிதாக்கிப் பார்த்தால் இடையில் வெளி இருக்கும். அப்படிப்பட்ட அறைக்குள் ஹேட்ச் நிரப்ப முயன்றால் எல்லை மூடப்படவில்லை என்று மென்பொருள் மறுத்துவிடும். முனையைப் பிடித்து வரைந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஓர் எச்சரிக்கை: எல்லாப் பிடிப்புகளையும் ஒருசேர இயக்காதீர்கள். குறிப்பாக, ‘நியரஸ்ட்’ பிடிப்பு கோட்டின்மேல் ஏதோ ஓர் இடத்தைப் பிடிக்கும். முனையைப் பிடித்துவிட்டோம் என்று நாம் ஏமாறுவோம்.

அணைக்க வேண்டிய நேரம்

இப்போது என் 180 மில்லிமீட்டருக்கு வருகிறேன். அந்தக் கடைவீட்டின் ஐந்து பகுதிகளை நாங்கள் அளந்தபோது கிடைத்தவை 3,440, 4,130, 2,640, 3,840, 4,230. மொத்தம் 18,280. நானோ ஸ்னாப்பை 100இல் விட்டுவிட்டு, எண்ணைத் தட்டச்சு செய்யாமல் சுட்டியால் சொடுக்கிக்கொண்டே போனேன். அவை 3,400, 4,100, 2,600, 3,800, 4,200 என்று மாறின. மொத்தம் 18,100. ஒவ்வொன்றிலும் 30, 40 என்று போனது எனக்குத் தெரியவே இல்லை. போதாக்குறைக்கு, கோட்டை நேராக்கும் எஃப்8 ஓர்தோவும் இயங்கிக்கொண்டிருந்தது. சற்றே சாய்ந்திருந்த பின்சுவர் என் வரைபடத்தில் நிமிர்ந்து நின்றது!

புதுக் கட்டடத்தை வடிவமைக்கும்போது கட்டத்துக்கு ஏற்ப அறையை அமைக்கலாம். இருக்கும் கட்டடத்தை வரையும்போது அந்த உரிமை நமக்கில்லை. ஸ்னாப்பையும் ஓர்தோவையும் அணைத்துவிட்டு, அளந்த எண்ணை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். அறையின் மூலைவிட்டங்களையும் அளந்து வந்தால்தான் சாய்வு தெரியும். பகுதி பகுதியாக மட்டும் அளக்காமல், ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து தொடர்ச்சியாகவும் அளந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகாது.

அன்றிரவு தோழி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அளவுக் குறிப்பேட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தாள். விடியும்வரை முதல் கோட்டிலிருந்து மீண்டும் வரைந்தேன். அந்தக் கடைவீடு நாளை இடிக்கப்பட்டால் அது எப்படி இருந்தது என்று சொல்ல எங்கள் வரைபடம்தான் மிஞ்சும். அழகாக இருக்கிறது என்பதற்காக அதில் பொய் இருக்கலாமா?

தம்பி தங்கையரே, முதல் கோட்டைப் போடுமுன் திரையின் கீழ்ப்பட்டையை ஒருமுறை பாருங்கள். எது இயங்குகிறது, எது அணைந்திருக்கிறது, எந்த இடைவெளியில் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அரை நிமிட வேலைதான். எனக்கு அது ஓர் இரவுத் தூக்கத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.