உடைந்த பல்: காரணங்களும் காலத்தே செய்ய வேண்டுவனவும்

கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது காயலிலிருந்து வாரியெடுத்த மண்ணைக் கொண்டு உருவாக்கப்பெற்றது வெலிங்டன் தீவு. 1957-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் இத்தீவின் மத்ஸ்யபுரியில் இயங்கி வருகிறது. பருத்தி வலைகளின் இடத்தை நைலான் போன்ற செயற்கை இழை வலைகள் பெற்ற மாற்றத்தில் இந்நிலையத்தின் ஆராய்ச்சிகளுக்குப் பங்கு உண்டு. நைலான் நூல் நீரில் மக்குவதில்லை, எளிதில் அறுவதுமில்லை. இவ்வுறுதி வலைக்குச் சிறப்பாகும். ஆயினும், முடிச்சிட்ட நூலைப் பல்லால் கடித்து அறுப்போருக்கு அதுவே கேடாக முடிகிறது.

பல்லின் அமைப்பு

பல்லின் மேற்புறத்தைப் போர்த்தியுள்ள எனாமல், எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 96 பங்கு தாதுப்பொருளால் ஆனது. மனித உடலில் இதனினும் கடினமான பொருள் வேறில்லை. எனினும், பீங்கானைப் போல இது கடினமாயிருப்பினும் விரிசல் காணும் இயல்புடையது. இதனடியில் டென்டீன் என்னும் பகுதியும், அதன் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழும் அமைந்துள்ளன.

முறிந்த எலும்பு மீண்டும் கூடும். உடைந்த எனாமல் கூடாது. எனாமலை உண்டாக்கும் உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே அழிந்துபோவதே இதற்குக் காரணம். சுறாவுக்குப் பல் விழுந்தால் பின்வரிசையிலுள்ள பல் முன்வந்து அதன் இடத்தைப் பெறும். வாழ்நாள் முழுதும் இது நிகழும். மனிதனுக்கோ பாற்பல்லும் நிலைப்பல்லும் ஆகிய இரு தொகுதிகளே உண்டு.

காரணங்கள்

நூலை ஒரே இடத்தில் வைத்து நாள்தோறும் கடிப்பதால் வெட்டுப்பல்லின் விளிம்பில் பள்ளம் விழுகிறது. பாட்டில் மூடியைப் பல்லால் திறத்தல், தூண்டில் நூலிலுள்ள ஈயக் குண்டைக் கடித்து இறுக்குதல், கொட்டைப்பாக்கையும் பனிக்கட்டியையும் கடித்தல் ஆகியனவும் பல்லை உடைக்கும். ஈயத்தை வாயிலிடுவது நச்சுக்கும் இடமளிக்கும். சொத்தை விழுந்த பல்லும், பெரிய அளவில் அடைக்கப்பட்ட பல்லும் சிறு அழுத்தத்திலேயே உடையக்கூடும். உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதும் ஒரு காரணமாகும். படகுத் தளத்தில் வழுக்கி விழுவதாலும், இழுவைக் கயிறு அறுந்து முகத்தில் அடிப்பதாலும் உடைவதுண்டு. பள்ளிப் பிள்ளைகளிடத்தில் விளையாட்டின்போது பெரிதும் அடிபடுவன மேல் முன்பற்களே.

மருத்துவரை நாட வேண்டிய காலம்

விளிம்பில் சிறு சில்லு மட்டும் பெயர்ந்து, வலியோ கூச்சமோ இல்லையாயின் சில நாட்களுக்குள் பல் மருத்துவரிடம் காட்டினால் போதும். குளிர்நீர் பட்டால் கூச்சம், மெல்லும்போது சுருக்கென்ற வலி, பல் ஆட்டம், உடைந்த இடத்தில் சிவந்த புள்ளி அல்லது குருதிக் கசிவு ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் அன்றே செல்லுதல் வேண்டும். சிவந்த புள்ளி, பற்கூழ் வெளிப்பட்டதன் அடையாளம். வலி தானே நின்றுவிட்டால் குணமாயிற்று என்று கருதலாகாது. பற்கூழ் இறந்துபோனாலும் வலி நிற்கும். பின்னர் பல் நிறம் கறுத்து, வேரில் சீழ் கட்டும்.

அடிபட்டவர் நினைவிழந்தாலும், வாந்தியெடுத்தாலும், வாயை மூட இயலாதிருந்தாலும் முதலில் பொது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. உடைந்த துண்டு கிடைக்காமல் இருமலோ மூச்சுத்திணறலோ கண்டால், அது மூச்சுக்குழலுள் சென்றிருக்கலாம். ஈற்றின்மேல் புகையிலையோ மாத்திரையோ வைத்தல் கூடாது. அது சதையைப் புண்ணாக்கும்.

பல் முழுதாக வெளிவந்தால்

நிலைப்பல் வேரோடு வெளிவந்தால், அதன் வெண்மையான மேற்பகுதியை மட்டும் பிடித்தெடுக்க வேண்டும். வேரைத் தேய்த்தலாகாது. அழுக்கிருப்பின் பாலிலோ தூய நீரிலோ ஒருமுறை அலசி, உடனே அதன் குழியில் பொருத்தி, தூய துணியை மெல்லக் கடித்திருக்கச் செய்க. அது இயலாவிடில் பாலில் இட்டு எடுத்துச் செல்க. வெறும் நீரில் ஊறவிட்டாலும் உலரவிட்டாலும் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் மடியும். அரைமணி முதல் ஒருமணி நேரத்திற்குள் மருத்துவரை அடைவது பல்லைக் காக்கும் வாய்ப்பை மிகுவிக்கும். பாற்பல்லை மீண்டும் பொருத்தலாகாது. அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு ஊறு நேரலாம்.

களப்பணியாளர் வலை செப்பனிடும் பயிற்சியில் ஊசியோடு ஒரு சிறு கத்தரியையும் சேர்த்து வழங்குதல் நன்று. ஆசிரியர்கள், அருகில் பல் மருத்துவர் உள்ள மருத்துவமனை எது என்பதை முன்னரே அறிந்து பள்ளிச் சுவரில் எழுதி வைப்பாராக. விபத்து நேர்ந்தபின் அதனைத் தேடிக் கழியும் நேரத்தில் ஒரு பல் இழக்கப்படலாம்.