கண்ணால் பார்த்துச் சொல்வதை வானியலாளர்கள் நம்புவார்களா?

கேள்வி: சில விண்மீன்களின் பிரகாசம் கூடிக் குறையும் என்றும், உலகம் முழுக்க உள்ள ஆர்வலர்கள் அதைக் கண்ணாலும் பைனாகுலராலும் பார்த்துக் குறித்து அனுப்புகிறார்கள், வானியலாளர்கள் அவற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்றும் படித்தேன். ஹபிள், ஜேம்ஸ் வெப் என்று விண்வெளியிலேயே தொலைநோக்கிகள் இருக்கும்போது மொட்டைமாடியில் நிற்பவர்களின் உதவி எதற்கு? கண்மதிப்பாகச் சொல்வதை விஞ்ஞானிகள் எப்படி நம்புகிறார்கள்?

– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். இதில் 'எதற்கு', 'எப்படி' என்று இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு விளக்கம். விண்மீன் கண்சிமிட்டுவது வேறு, ஒளி மாறுவது வேறு. சிமிட்டல் நம் காற்று மண்டலத்தின் வேலை. மாறொளி விண்மீன் என்றால், தன் ஒளியே உண்மையில் கூடிக் குறையும் விண்மீன். சில விண்மீன்கள் உப்பிச் சுருங்குவதால் ஒளி மாறும். சிலவற்றைத் துணை விண்மீன் வந்து மறைக்கும். சில திடீரென்று வெடித்துப் பொலியும்.

இப்போது உங்கள் முதல் சந்தேகம். பெரிய தொலைநோக்கி வந்துவிட்டால் சின்னக் கருவிக்கு வேலையில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரிய தொலைநோக்கியின் பலம் மங்கலானதையும் நுணுக்கமானதையும் பார்ப்பதில் இருக்கிறது. ஒரே விண்மீனை ஆண்டுக்கணக்கில் கவனித்துக்கொண்டிருப்பது அதன் வேலை அல்ல. ஹபிளில் நேரம் வேண்டுமென்றால் ஆய்வாளர்கள் விண்ணப்பிக்க வேண்டும். இருக்கும் நேரத்தைப் போலப் பல மடங்குக்கு விண்ணப்பங்கள் குவியும். அனுமதி கிடைத்தாலும் சில மணி நேரம்தான். மைரா என்ற விண்மீன் ஒருமுறை பொலிந்து மங்கி மீண்டும் பொலிய ஏறத்தாழ 332 நாள் ஆகிறது. அத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஹபிளை யாரும் தரமாட்டார்கள்.

இன்னொரு தடை, பிரகாசமே. மழையில் வைத்த டம்ளர் நிரம்பிவிட்டால், அதைப் பார்த்து எவ்வளவு மழை பெய்தது என்று சொல்ல முடியாது அல்லவா? கேமராவின் உணர்கருவியும் அப்படித்தான். அதில் விழும் ஒளி ஓர் அளவைத் தாண்டினால் அளவீடு வீண். இரவுதோறும் வானத்தைப் படமெடுக்கும் தானியங்கிக் கருவிகள் இன்று பல இருக்கின்றன. மங்கலான விண்மீன்களை அவை அருமையாக அளக்கின்றன, அந்த வேலையை ஆர்வலர்களிடமிருந்து பெரும்பாலும் வாங்கிக்கொண்டுவிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நம் வெறுங்கண்ணுக்கும் பைனாகுலருக்கும் எளிதாகத் தெரியும் விண்மீன்கள் அந்தக் கருவிகள் பலவற்றுக்கு அளவுமீறிய வெளிச்சம்.

உண்மையான காரணம் இவற்றையும் விட ஆழமானது. சில விண்மீன்கள் எப்போது மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. எஸ்.எஸ். சிக்னி இதற்கு நல்ல உதாரணம். அதிலுள்ள வெண்குறுமீன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன், பக்கத்தில் சுற்றும் துணை விண்மீனிலிருந்து வாயுவை இழுத்துத் தன்னைச் சுற்றி ஒரு தட்டாகச் சேர்த்துக்கொள்கிறது. அந்தத் தட்டு திடீரென்று சூடேறினால் ஓரிரு நாளில் விண்மீன் 40 மடங்கு பிரகாசமாகிறது. இடைவெளி சராசரியாக 50 நாள் என்றாலும், அடுத்தது எந்த நாள் என்று கணிக்க முடியாது. ஹார்வர்டில் லூயிசா வெல்ஸ் இதை 1896ல் கண்டுபிடித்த நாள்முதல், இதன் எழுச்சிகளில் அநேகமாக எதுவும் தப்பவில்லை. தப்பவிடாமல் காத்தவர்கள் பெரும்பாலும் ஆர்வலர்களே.

இந்த விண்மீனை வைத்து ஒரு பெரிய சிக்கல் எழுந்தது. 1999ல் ஹபிளின் அளவீடு இதன் தூரத்தை 500 ஒளியாண்டுக்கும் மேல் என்றது. அவ்வளவு தூரத்திலிருந்து இவ்வளவு பிரகாசமாகத் தெரிய வேண்டுமானால், தட்டு எப்படிப் பொங்குகிறது என்று அதுவரை நம்பியிருந்த கோட்பாடே தவறாகிவிடும். வானொலித் தொலைநோக்கிகளைக் கொண்டு தூரத்தை மறுபடி அளக்க ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். ஆனால் எஸ்.எஸ். சிக்னி எழுச்சியின்போது மட்டுமே போதுமான வானொலி அலைகளை வீசும். ஆகவே ஆர்வலர்களின் உதவியைக் கேட்டார்கள். அவர்கள் இரவுதோறும் பார்த்து, எழுச்சி தொடங்கியதும் செய்தி அனுப்ப, வானொலித் தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. 2013ல் வெளியான முடிவு: சுமார் 370 ஒளியாண்டு. கோட்பாடு பிழைத்தது, பின்னர் கையா விண்கலத்தின் அளவீடும் இதையே உறுதிசெய்தது.

ஹபிளே இவர்களை நம்பியிருந்ததுண்டு. எஸ்.எஸ். சிக்னியைப் போன்ற விண்மீன்களை நோக்கும்போது நடுவில் எழுச்சி வந்தால், ஹபிளின் புறஊதா உணர்கருவி பழுதாகக்கூடும். அதனால், 'இப்போது அமைதியாகத்தான் இருக்கிறது' என்று ஆர்வலர்கள் பார்த்துச் சொன்ன பிறகே தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினார்கள்.

இனி இரண்டாவது சந்தேகம்: கண்மதிப்பு எப்படி அறிவியல் ஆகும்?

நோக்குபவர் 'நல்ல பிரகாசம்', 'கொஞ்சம் மங்கல்' என்று எழுதுவதில்லை. பொலிவெண்ணை எழுதுகிறார். விண்மீனின் பிரகாசத்தைக் குறிக்கும் எண் அது; எண் சிறிதானால் பிரகாசம் அதிகம், 5 எண் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு. இந்தக் கணக்கை 1856ல் வகுத்தவர் நார்மன் பாக்சன். 1861 முதல் 1891ல் இறக்கும் வரை அவர் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தார். அங்கே அவருடைய உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல் ஆர் ரெடிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார்.

மதிப்பிடும் முறையை நீங்களே செய்து பார்க்கலாம். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இரவு எட்டு மணிக்குமேல் வெளியே வந்தால் திருவாதிரை நன்றாக உயர்ந்திருக்கும். அது ஒரு மாறொளி விண்மீன். பொலிவெண் மாறாதவை என்று கொள்ளத்தக்க இரண்டு விண்மீன்களைத் துணைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்: புரோசியான் 0.4, ரோகிணி 0.9. திருவாதிரை புரோசியானை விட மங்கல், ரோகிணியை விடப் பிரகாசம், ஆனால் ரோகிணிக்கே சற்று நெருக்கம் என்று உங்களுக்குப் பட்டால் 0.7 என்று எழுத வேண்டும். ரோகிணியை விடவும் மங்கலாகத் தெரிந்தால், புனர்பூச ஜோடியில் பிரகாசமான போலக்ஸோடு (1.1) ஒப்பிடுங்கள். நம் கண்ணுக்குத் தனியாக ஒரு பிரகாசத்தை அளக்கத் தெரியாது; இரண்டில் எது கூடுதல் என்று சொல்வதில் அது கெட்டி. இந்த முறை முழுவதும் அந்தத் திறமையைத்தான் நம்பியிருக்கிறது.

சில எச்சரிக்கைகள் உண்டு. ஒப்பிடும் விண்மீன்கள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அடிவானத்தை ஒட்டியது தடித்த காற்றுக்குள் மங்கிவிடும். திருவாதிரை போன்ற செந்நிற விண்மீனை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது பிரகாசமாவதுபோலத் தோன்றும். ஆகவே ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்துவிட வேண்டும். தொலைநோக்கியில் பார்ப்பவர்களுக்கென அச்சிட்ட வரைபடங்களில், ஒப்பீட்டு விண்மீன் பக்கத்தில் 6.4 என்று போடாமல் 64 என்று போட்டிருப்பார்கள். நடுவில் இருக்கும் புள்ளியை இன்னொரு விண்மீன் என்று நினைத்துவிடக் கூடாதே என்ற கவனம் அது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது இப்படிப்பட்ட அக்கறைதான்.

இவ்வளவும் செய்தாலும் ஒருவரின் மதிப்பீட்டில் 0.1, 0.2 அளவுக்குப் பிழை வரும். மைரா நூறு மடங்குக்கு மேல் ஏறி இறங்குகிறது. அதற்கு இந்தப் பிழை ஒரு பொருட்டே அல்ல. பலர் பார்த்ததைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது அது மேலும் சுருங்கும். மாற்றமே மிகச் சிறியதாக இருக்கும் விண்மீன்களுக்குக் கண்மதிப்பு உதவாது. அவற்றுக்கு டிஜிட்டல் கேமரா வேண்டும். ஆர்வலர்களில் பலர் அதையும் கையாள்கிறார்கள்.

இந்தக் குறிப்புகளைச் சேர்த்து வைப்பவற்றில் பெரியது, 1911ல் அமெரிக்காவில் தொடங்கிய மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம். ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் அங்கே இருக்கின்றன. பழைய பதிவுகளுக்கு மாற்றே கிடையாது. ஆர் ஹைட்ரே என்ற விண்மீனின் சுற்று 1700 வாக்கில் ஏறத்தாழ 490 நாள். 1950க்குப் பிறகு 390 நாளை ஒட்டி வந்துவிட்டது. விண்மீனின் உட்பகுதியில் ஹீலியம் திடீரென்று எரிந்ததன் விளைவாக இது இருக்கலாம் என்கிறார்கள். எத்தனை பெரிய தொலைநோக்கி கட்டினாலும் அதைக் கொண்டு 1750ஆம் ஆண்டின் வானத்தைப் பார்க்க முடியாது. அன்று பார்த்தவர் எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது.

அந்தச் சங்கத்துக்குக் குறிப்பு அனுப்பியவர்களில் ராதா கோவிந்த சந்திரா என்ற வங்காளியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஜெசூர் நகரில் அரசுக் கருவூல ஊழியர். கையில் 3 அங்குலத் தொலைநோக்கி. அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது அவருடைய ஊரில் இரவு. அங்கே இருப்பவர்களால் பார்க்க முடியாத நேரத்தை அவர் நிரப்பினார். 37,000க்கும் மேற்பட்ட பதிவுகளை அனுப்பினார். அவருடைய உழைப்பைப் பார்த்து அமெரிக்கச் சங்கத்தார் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பி வைத்தார்கள். அது பின்னாளில் வானியலாளர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தைச் சேர்ந்தது.

நீங்களும் தொடங்குவதாக இருந்தால் திருவாதிரையிலேயே தொடங்குங்கள். 2020 பிப்ரவரியில் அது 1.6 வரை மங்கி, ஓரியன் விண்மீன் கூட்டத்தின் உருவத்தில் அதற்கு மறு தோளிலுள்ள பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு இறங்கியதை வெறுங்கண்ணாலேயே உலகம் முழுக்கப் பார்த்தார்கள். அது கக்கிய வாயு குளிர்ந்து தூசாகி மறைத்ததும், அதன் பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்ததும் காரணம் என்று பின்னர் தெரிந்தது. வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். நாள், நேரம், பொலிவெண், ஒப்பிட்ட விண்மீன்கள் ஆகிய நான்கையும் எழுதுங்கள். அனுப்பும்போது இந்திய நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்து உலக நேரமாக மாற்ற வேண்டும். விடியற்காலைப் பதிவு என்றால் தேதியும் ஒரு நாள் பின்னால் போகும், கவனம். முக்கியமாக, போன வாரம் என்ன எழுதினீர்கள் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மாடிக்குப் போகாதீர்கள். அந்த எண் மனதில் இருந்தால் கண் அதன் பக்கமே சாயும்.