எச்சரிக்கை விளக்கை அணைக்கும் முன்

கம்பம் சமவெளியிலிருந்து குமுளி மலைப்பாதை வழியாக ஏறி வண்டிப்பெரியாரில் இரவு தங்கும் மகிழுந்தில், மறுநாள் காலை ஒரு மஞ்சள் விளக்கு எரியக்கூடும். குதிரைலாடம் போன்ற வடிவின் நடுவே வியப்புக்குறி அமைந்த அவ்விளக்கு, டயரில் காற்றழுத்தம் குறைந்துள்ளதைத் தெரிவிக்கிறது.

வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால், டயரின் அழுத்தம் ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. குறையும். ஓடிச் சூடேறிய டயரில் அளந்து நிரப்பிய காற்று, மலைக்குளிரில் போதாமற்போவது இதனால்தான். எனினும் குளிர்மீதே பழி சுமத்தலாகாது; ஆணி தைத்திருக்கவும் கூடும்.

ஆகவே, டயர்கள் குளிர்ந்திருக்கும்போதே நான்கையும் அளந்து, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டுள்ள அட்டவணைப்படி காற்று நிரப்புக. சக்கரந்தோறும் உணரி பொருத்திய வண்டிகளில், சிறிது தூரம் ஓடியதும் விளக்கு பெரும்பாலும் தானே அணையும். சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டு அழுத்தக் குறைவைக் கணிக்கும் வண்டிகளில், கையேட்டில் கண்டவாறு பொத்தான் அல்லது திரை வழியாக மீட்டமைக்க வேண்டும்.

மீட்டமைத்தல் என்பது, ‘இதுவே சரியான அழுத்தம்’ என வண்டிக்குக் கற்பிப்பதாகும். காற்று நிரப்பாமல் மீட்டமைத்தால், வண்டி அக்குறையையே அளவுகோலாகக் கொள்ளும். பின்னர் உரிய வேளையில் எச்சரிக்காது. குறுஞ்செய்தியை அழிப்பதால் கணக்கின் இருப்பு உயர்வதில்லை அல்லவா?

வண்டியை இயக்கியதும் விளக்கு ஒரு நிமிடம்போல் மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தால், பழுது எச்சரிக்கை அமைப்பிலேயே இருக்கலாம், பணிமனையை நாடுக. காற்று நிரப்பியும் மறுபடி எரிந்தால் கசிவு உண்டு எனக் கொள்க. லோயர் கேம்ப் நோக்கிய வளைவுகளில் இறங்குமுன் பஞ்சர் கடையில் அதனைச் சரிசெய்துகொள்வதே பாதுகாப்பு.