தோழிக்குக் கேன்சர்: சீட்டுப் பணத்தைக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: நானும் என் தோழியும் பனியன் கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் வீட்டோடு இரண்டு மிஷின் போட்டுத் தைக்கிறேன். அவள் 8 வருடமாக ஒரே கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். வாரச் சம்பளம், கூட்டிப் பார்த்தால் மாதம் 13,000 ரூபாய் வரும். அவள் வீட்டுக்காரருக்கு முதுகில் கோளாறு, முடிந்தால்தான் வேலைக்குப் போவார். மகள் பிளஸ் டூ, பையன் எட்டாவது.

போன மாதம் அவளுக்கு இடது மார்பில் கட்டி என்று கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பயாப்ஸி எடுத்துக் கேன்சர் என்று சொல்லிவிட்டார்கள். கீமோ, ஆபரேஷன், கரண்ட் வைப்பது எல்லாம் சேர்த்து 5, 6 லட்சம் ஆகுமாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் கேட்டால், வருமானம் அதிகம் என்று இல்லையென்றுவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டு பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்து, இருக்கிற 6 பவுனையும் விற்றுவிடுகிறேன் என்கிறாள். என்னிடம் சீட்டு எடுத்த பணம் 2 லட்சம் இருக்கிறது. என் மகள் காலேஜுக்கு வைத்தது. அதைத் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று மனசு சொல்கிறது. என் கணவர், "கொடு, ஆனால் திரும்பி வரும் என்று மட்டும் நினைக்காதே" என்கிறார். அவளோ யாரிடமும் கை நீட்ட மாட்டாள். கூட வேலை பார்த்தவர்கள், அவள் போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டு வசூல் செய்யலாம் என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில் தருபவர்: புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றும் மருத்துவ சமூகப் பணியாளர்

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது செலவுக் கணக்கு அல்ல. தோழி வேலையை விடப் போகிறார் என்ற அந்த ஒரு வரி. மீதியைப் படிக்கும் முன் அவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்: ராஜினாமா வேண்டாம். கணக்கை முடித்துக்கொள்ளச் சொல்லிக் கம்பெனியில் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

காரணம் அவருடைய சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது. பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் அநேகமாக அதன் பக்கத்திலேயே இ.எஸ்.ஐ. பிடித்தமும் இருக்கும். சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 75 காசு தொழிலாளியிடம் பிடித்து, 3 ரூபாய் 25 காசு கம்பெனி போட்டுக் கட்டுகிற சந்தா அது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கான திட்டம். நம் பெண்களில் பலர் இ.எஸ்.ஐ. என்றால் காய்ச்சலுக்கு வரிசையில் நின்று மாத்திரை வாங்கும் இடம் என்றே நினைக்கிறார்கள். கேன்சர் வந்ததும் அந்த நினைப்பே வராமல், நேரே நகைப் பெட்டியைத் திறக்கிறார்கள். காப்பீடு உள்ள தொழிலாளியின் சிகிச்சைச் செலவுக்கு இ.எஸ்.ஐ.யில் உச்சவரம்பு கிடையாது. எவ்வளவு ஆனாலும் செலவை அது ஏற்கும்.

முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 13,000 என்றால் ஆண்டுக்கு 1,56,000 ஆகிவிடுகிறது. அட்டை கிடைக்காததற்கு அதுதான் காரணம். அதோடு எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்துவிட்டார், பாவம். 8 ஆண்டு சந்தா கட்டியவருக்கு இ.எஸ்.ஐ.யில் உரிமை இருக்கிறது.

செய்ய வேண்டிய முறை இது. அவருடைய ஐ.பி. எண் (இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்), ஆதார், வங்கிப் பாஸ்புக், மருத்துவ ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அவர் பெயர் பதிவாகியிருக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள டாக்டர் மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுப்பார். உங்கள் பக்கத்துக்குக் கோவை சிங்காநல்லூரில் பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. அங்கே இல்லாத சிகிச்சைக்கு ஒப்பந்தம் செய்துள்ள மருத்துவமனைக்கு அவர்களே அனுப்புவார்கள். பில் அங்கிருந்து இ.எஸ்.ஐ.க்குப் போகும். இந்த வரிசை முக்கியம். முதலில் வெளியே கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்டு அலைகிறவர்கள் படும் பாட்டை நான் தினமும் பார்க்கிறேன். கம்பெனி சந்தாவைப் பிடித்துவிட்டுச் சரியாகக் கட்டாமல் விட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ஐ.பி. எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பார்த்துச் சொல்வார்கள்.

போகும் முன் இன்னொரு வேலை. பயாப்ஸி எடுத்த ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் தாளோடு நின்றுவிடாமல், கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். கட்டியிலிருந்து எடுத்த சதைத்துண்டு அந்த மெழுகுக் கட்டிக்குள்தான் இருக்கிறது. ஹார்மோன் ஏற்பி உண்டா, ஹெர்-2 உண்டா என்ற சோதனைகளை அதிலிருந்தே செய்துவிடலாம்; மறுபடி ஊசி போட்டு எடுக்க வேண்டியிராது. சிகிச்சையும் செலவும் இந்த விடையைப் பொறுத்து மாறும். ஹெர்-2 இருந்தால் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தை வழக்கமாக 3 வாரத்துக்கு ஒருமுறை, ஓராண்டு வரை ஏற்றுவார்கள். அதன் உள்நாட்டுத் தயாரிப்புகள் 2014 முதல் இந்தியாவில் கிடைக்கின்றன. ஆகவே 5, 6 லட்சம் என்று யாராவது சொன்னால், அதில் எது அடக்கம், எது அடக்கமில்லை என்று கேட்காமல் மிரளாதீர்கள்.

அடுத்து, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி. சந்தா சரியாக இருந்தால் நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் இ.எஸ்.ஐ. தரும். புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு அதன் பிறகும் நீட்டிப்பு உண்டு: 80 சதவீதம் வீதம், 2 ஆண்டு வரை. இதற்கு 2 ஆண்டு தொடர் வேலையும், முந்தைய 4 சந்தாக் காலங்களில் குறைந்தது 156 நாள் சந்தாவும் வேண்டும். உங்கள் தோழிக்கு மாதம் ஏறத்தாழ 10,000 ரூபாய் வரும். ராஜினாமா வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான். மருந்தக டாக்டர் தரும் சான்றுகளை இடைவெளி விடாமல் வாங்கிச் சேர்க்க வேண்டும். ஒரு வாரச் சான்று விட்டுப்போனால் அந்த வாரப் பணத்துக்கு அலைய வேண்டிவரும். பி.எஃப். பணத்துக்கும் வேலையை விட வேண்டியதில்லை. வேலையில் இருக்கும்போதே சிகிச்சைக்காக முன்பணம் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டாம்.

இவ்வளவு இருக்கும்போது உங்கள் பணம் எதற்கு என்று தோன்றும். தேவைப்படும், சகோதரி. எந்தத் திட்டமும் எட்டாத செலவுகள் இருக்கின்றன. ஒரு கீமோ நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்து, முதலில் ரத்தம் கொடுக்க வேண்டும். வெள்ளணு எண்ணிக்கை குறைந்திருந்தால் "அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். போக வரச் செலவும், கூடப் போனவரின் ஒரு நாள் கூலியும் போனது போனதுதான். எண்ணிக்கை சரியாக இருந்தால் மருந்து ஏறி முடியச் சாயங்காலம் ஆகிவிடும். திரும்பும்போது கூட்ட பஸ்ஸில் நிற்கத் தெம்பு இருக்காது, குமட்டிக்கொண்டு வரும். அந்த ஒரு நாளைக்கு டாக்ஸி வைத்துக் கொடுத்தால் அது ஆடம்பரம் ஆகாது.

சிலருக்குக் கீமோ முடிந்த மறுநாளிலிருந்து வெள்ளணு ஏறுவதற்குத் தொடர்ந்து சில நாள் ஊசி போடச் சொல்வார்கள். அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். அவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் ஃப்ரிட்ஜில் ஒரு தட்டை ஒதுக்கி வையுங்கள், ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். தினம் அவரை அழைத்துப்போய் நர்ஸிடம் ஊசி போட்டு வருவதும் நீங்கள் செய்யக்கூடியது. கரண்ட் வைக்கும் கட்டம் வந்தால் வாரத்தில் 5 நாள், 3 முதல் 5 வாரம் வரை தினம் கோவைக்குப் போய்வர வேண்டியிருக்கும். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதச் சலுகை உண்டு. ரயில்வேயின் படிவத்தில் மருத்துவமனையிலிருந்து கையெழுத்து வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை அந்தப் பிளஸ் டூ பெண்ணைப் பற்றி. அம்மா படுத்துவிட்டால் அடுப்படி அவள் தலையில் வந்து விழும். தம்பிக்குச் சோறு, அப்பாவுக்குக் காபி, அம்மாவுக்குக் கஞ்சி என்று ஆரம்பித்துப் பரீட்சைக்குப் போகாமலே நின்றுபோன பெண்களை எனக்குத் தெரியும். தினம் ஒரு வேளைச் சாப்பாடு உங்கள் வீட்டிலிருந்து போகட்டும். அவள் 6-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். இதை இப்போதே அவள் காதில் போட்டு வையுங்கள்.

இப்போது உங்கள் 2 லட்சம். மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். பயத்தில் இருக்கும் வீட்டில் மொத்தப் பணம் பழைய கடன், வட்டிக்காரர், யாரோ சொன்ன வைத்தியம் என்று முதல் மாதமே கரைந்துவிடும். சிகிச்சையோ ஓராண்டு ஓடும். உங்கள் கணவர் சொன்னது சரியான பேச்சு. அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்: திரும்பி வராவிட்டாலும் உங்கள் மகள் படிப்பு கெடாத தொகை எவ்வளவு என்று இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மாதம் 4,000 வீதம் ஓராண்டுக்கு 48,000 என்று வைத்தால் அந்த வீட்டுக்கு அது பெரிய தூண். இ.எஸ்.ஐ. பணம் வந்துசேரத் தாமதமாகும் முதல் இரண்டு மாதம் மட்டும் சேர்த்துக் கொடுங்கள். கடனா, சும்மாவா என்பதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், உடம்பு தேறிய பிறகு அவர் உங்களைப் பார்க்கக் கூசுவார்.

கை நீட்ட மாட்டார் என்றீர்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர் மொய் எழுதியிருப்பார் இல்லையா? ஒரு நோட்டு வாங்கி, யார் எவ்வளவு கொடுத்தது என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் அவர் திருப்பிச் செய்துகொள்ளட்டும். இப்படிச் சொன்னதும் வாங்கிக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள்.

போட்டோ போடும் யோசனையை இன்றே நிறுத்துங்கள். அந்தப் படம் ஊர் சுற்றி வந்து அவர் மகளின் வகுப்புத் தோழி போனில் நிற்கும், பிறகு யாராலும் அழிக்க முடியாது. அவரே விரும்பிச் சொன்னால் ஒழிய யாரும் அவர் நோயை ஊருக்குச் சொல்லக் கூடாது. சனிக்கிழமைச் சம்பளம் வாங்கும்போது ஐந்தாறு பேர் ஆளுக்கு 200 எடுத்து வைத்து, ஒருவர் பொறுப்பில் வீட்டில் சேர்த்தால் போதும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் அந்தத் தொகை முழுதும் வருமானமாகக் கணக்காகும். தோழிகள் சட்டப்படி உறவினர் ஆக மாட்டார்கள். அவருடைய சம்பளத்துக்கு வரி வந்துவிடாது, ஆனாலும் நோட்டில் கணக்கு இருக்கட்டும்.

நகையை இப்போது விற்க வேண்டாம். அவசரமென்றால் கூட்டுறவு வங்கியிலோ தேசிய வங்கியிலோ நகைக்கடன் வாங்கலாம். வார வட்டிக்காரரிடம் மட்டும் போகவே கூடாது. கீமோவை நிறுத்திவிட்டு இந்தச் சூரணத்தைச் சாப்பிடுங்கள் என்று யாராவது வந்தால், அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அவரையும் கொடுக்க விடாதீர்கள்.

எல்லாரும் கீமோ முடிந்ததும் விலகிவிடுவார்கள். ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டி என்றால் டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரையைக் குறைந்தது 5 ஆண்டு தினம் போட வேண்டும். உடம்பு தேறியதும் பலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அது ஆபத்து. மாத்திரை தீரும் தேதியை நீங்களும் குறித்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

பயாப்ஸி வந்தே நாளாகிவிட்டது. இந்தத் திங்கட்கிழமை காலையில் தையலை நிறுத்திவிட்டு அவரோடு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள். அங்கே இரண்டு மூன்று வாரத்தில் சிகிச்சை தொடங்க வழி தெரியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய் அங்கே ஆரம்பித்துவிடுங்கள்.