மைதானத்துக்குள் நுழையக் கட்டணம் எவ்வளவு?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை, ஐயம்பேட்டை)



2017 ஐ.பி.எல். ஏலத்தில் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி டி. நடராஜனின் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி அவரை எடுத்ததோ 3 கோடிக்கு! ஒரே நாளில் கோடீஸ்வரன் ஆயிட்டாரு என்று நம்ம பசங்க இன்னும் பேசுவதுண்டு. ஒரே நாளா? அப்போது அவருக்கு வயது 25. அதற்கு முந்தைய வருடங்களுக்கு யார் செலவழித்தார்கள் என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அவருடைய அப்பா விசைத்தறியில் கூலித் தொழிலாளி. அம்மா சாலையோரம் கடை போட்டவர். ஐந்து பிள்ளைகளில் நடராஜன்தான் மூத்தவர். 20 வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்தில். ஏன் என்று கேட்கவே வேண்டாம். டென்னிஸ் பந்துக்குத் தெருவே போதும், ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டால் பந்து வந்துவிடும். லெதர் பந்து என்றால் பேட், கால் காப்பு, ஹெல்மெட், ஆணி வைத்த ஷூ எல்லாம் வேண்டும். ஷூ ஆடம்பரம் இல்லை. வேகப்பந்து வீசும்போது முன்கால் தரையில் மோதும் விசை உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் என்கிறார்கள். விசையியல் படிக்கும் நமக்குச் சொல்லவா வேண்டும்? முழங்கால் என்னத்துக்கு ஆகும்!

ஆனால் இதெல்லாம் கடையில் வாங்கும் செலவு. பெரிய செலவுக்குப் பில்லே கிடையாது. அது வீட்டுக்கு வராமல் போகும் கூலி.

எங்கள் ஊர்த் தறியை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். கோர்வைப் பட்டில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். ஒரே ஆள் நெய்ய முடியாது, மறுபக்கக் கரைக்கு நாடா போட இன்னொருவர் வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பிள்ளைதான். அவன் காலையில் பிராக்டீஸுக்குப் போனால் அப்பாவின் தறியும் சேர்ந்து நிற்கும். கூலிக்கு ஆள் வைத்தால் சேலைக்கூலியில் பங்கு போய்விடும். நான் படிக்க வந்ததிலேயே எங்கள் வீட்டில் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. படிப்புக்காவது மூன்று வருடம் என்று ஒரு முடிவு உண்டு. விளையாட்டுக்கு அது கிடையாது.

நடராஜனுக்குக் கைகொடுத்தவர் அதே ஊர் ஜெயப்பிரகாஷ் அண்ணன். அவர்தான் சென்னைக்கு அழைத்துப் போனார். அந்த நன்றியில்தான் நடராஜன் சட்டையில் "ஜே.பி. நட்டு" என்று போட்டுக்கொண்டார். நான்காம் டிவிஷனில் தொடங்கி, 2015 ஜனவரியில் ரஞ்சி ஆட்டம். அத்தோடு கஷ்டம் தீர்ந்ததா? பந்து வீசும் முறையில் சந்தேகம் என்று புகார் வந்தது! கையசைவையே மாற்றிப் பழகி, 2016-ல் டி.என்.பி.எல்.லில்தான் மறுபடி தலைகாட்டினார். இப்படிப்பட்ட காலத்தைத் தாங்க வசதியான வீடாவது வேண்டும், இல்லையென்றால் ஒரு ஜெயப்பிரகாஷாவது வேண்டும். எல்லாத் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பாரா?

ஓட்டத்துக்கு என்ன செலவு என்று சிலர் கேட்கலாம். மதுரை ரேவதி வீரமணி பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டி வளர்த்த பெண். வெறுங்காலோடுதான் ஓடத் தொடங்கினார். பயிற்சியாளர் கண்ணன் பாட்டியிடம் பேசி, கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க உதவினார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடரோட்டத்தில் ரேவதி ஓடினார். அங்கேயும் சாப்பாடும் தங்குமிடமும்தான் முதல் பிரச்சினை, பாருங்கள்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் அவ்விரண்டும் கிடைக்கின்றன. 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிடம் போட்டிச் செலவுக்கும் உபகரணங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். வீட்டில் நின்றுபோகும் கூலிக்கு மட்டும் இன்னும் யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்குச் சான்றிதழ்தான் பேசும். ஆகவே நம் கல்லூரி அணியில் ஆடும் நண்பர்களே, மண்டலப் போட்டிச் சான்றிதழை மார்க் ஷீட் வைக்கும் ஃபைலிலேயே பத்திரமாக வையுங்கள், ஹாஸ்டல் டிரங்குப் பெட்டியில் போட்டு மடக்கிவிடாதீர்கள்.