மேட்லாப் இல்லாமல் தொடங்கலாமா?

கேள்வி: பொறியியல் படிக்கிறேன். மேட்லாப் வாங்க வசதியில்லை. ஆக்டேவ், சைலேப் போன்ற இலவச மென்பொருளில் பழகினால் வேலைக்கு உதவுமா?
– வாசகர், கீரிப்பாறை

பதில்: தாராளமாக உதவும். இலவசம் என்பதால் மட்டமாக இருக்கும் என்ற சந்தேகத்துக்கு ஆக்டேவின் பிறப்பே பதில். வேதிவினைக்கலன் வடிவமைப்புப் பாடத்துக்குத் துணையாகத் திட்டமிடப்பட்டு, 1992இல் ஜான் ஈட்டன் முழுமூச்சாக எழுதத் தொடங்கியது அது. அணிகளைக் கையாளும் கட்டளைகள் பெரும்பாலும் மேட்லாபைப் போலவே இருப்பதால், பின்னாளில் நிறுவனம் மேட்லாப் கொடுத்தாலும் முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. திருட்டுப் பிரதியை நாடுவதற்கு இனி என்ன சாக்கு?

கட்டப்படங்களால் மாதிரி அமைக்கும் மேட்லாபின் துணைக்கருவியான சிமுலிங்க் கேட்கும் வேலைகளுக்கு ஆக்டேவ் போதாது என்பார்கள், உண்மைதான். பிரான்சின் இன்ரியாவில் உருவான சைலேபில் அதற்கு எக்ஸ்காஸ் உண்டு. ஆனால் சிமுலிங்க் கோப்புகள் அப்படியே அதில் ஓடா. ஆங்கிலம் தடையென்றால், மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ பாடங்கள் பல தமிழிலும் கிடைக்கின்றன. அதே நிறுவனத்தின் ஃபாஸி திட்டத்தில், பாடநூல்களின் எடுத்துக்காட்டுக் கணக்குகளை மாணவர்களே சைலேபில் செய்து வைத்திருக்கிறார்கள். உங்கள் பாடநூல் அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் கை பழகாது. உங்கள் ஊர் ரப்பர் தோட்டத்தில் ஒரு மாதப் பால் அளவையும் மழையளவையும் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். மழையால் பால்வெட்டு நின்ற நாள்களைச் சராசரியில் சேர்ப்பதா, விடுவதா என்ற கேள்வி உடனே வரும்.